மெஷினுக்கு ஒரு உப்பு

தன் குட்டியானை லோடு வண்டியிலிருந்து அந்த மெஷினை இறக்க டேனியலுக்குத் துணை வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு இருசப்பனும் அவன் தம்பியும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். துணி துவைக்கிற மெஷின் என்று நினைத்துத்தான் பிடித்தார்கள். சமையலறையில் கொண்டுபோய் வைத்ததும் டேனியல் முன்கதவைத் திறந்து காட்டினான். உள்ளே இரண்டு கம்பித் தட்டுகள் இருந்தன.

"இதுல துணிய போட்டா கம்பியில மாட்டிக்கினு கியிஞ்சிடாது?" என்றான் இருசப்பன்.

"துணிக்கு இல்ல. ஏனம் கழுவுறதுக்கு."

இருசப்பன் டேனியலைப் பார்த்தான். பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்த சுகிர்தாவைப் பார்த்தான். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். உத்திரமேரூரில் கடை வைத்திருப்பவர்கள் வீட்டில்கூட அப்படி ஒரு மெஷின் இருப்பதாக அவன் கேள்விப்பட்டதில்லை. மானாம்பதி ரோட்டோரக் காலனியில், அதுவும் பாத்திரம் கழுவப் போகிறவள் வீட்டில் அது வந்து இறங்கியதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சுகிர்தா கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்தே சுற்றுவட்டாரத்துக் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவப் போய்க்கொண்டிருந்தாள். சோறு வடித்த அண்டா, சாம்பார் குண்டான், எண்ணெய்ச் சட்டி என்று மலைபோல் குவிந்து கிடக்கும். சமையல் காண்ட்ராக்டர் சுகுமார் மூட்டையாக வாங்கிப் போடுகிற சோப்புத்தூளில் கைவிட்டால் முதல் நாளே எரியும். எரிச்சல் பழகிப் போனது. பிறகு தோல் உரிந்தது. உரிந்த இடத்தில் வெடித்தது. வெடிப்பு ஆறுவதற்குள் அடுத்த முகூர்த்தம் வந்துவிடும். ஒரு நாள் ரேஷன் கடையில் அவள் எந்த விரலை வைத்தாலும் மெஷின் ஏற்றுக்கொள்ளவில்லை. "ரேகையே இல்லியேம்மா, வூட்டுக்காரரை இட்டுக்கினு வாங்க" என்று கடைக்காரர் சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டி அவள் கையைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்த சுகிர்தா அன்று முழுவதும் கைகளை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் டேனியல் அவளைச் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். தோல் டாக்டர் அம்மா நிதானமாகப் பேசுகிறவர். "மருந்து தரேன். ஆனா சோப்புத் தண்ணி கையில படவே கூடாது. வெளி வேலை மட்டுமில்ல, வீட்டு வேலையிலயும்தான். கிளவுஸ் போட்டா உள்ள வேர்த்து இன்னும் மோசமாகுது உங்களுக்கு" என்றார். சுகிர்தா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் காலையில் போட்டுவிட்டுப் போன பாத்திரங்களைக் கழுவ உட்கார்ந்தாள். வேறு யார் கழுவுவது என்று அவளும் யோசிக்கவில்லை, டேனியலும் யோசிக்கவில்லை.

அந்த மாதத்தில்தான் டேனியலுக்கு மேடவாக்கத்தில் ஒரு லோடு கிடைத்தது. வெளிநாடு போகிற குடும்பம் ஒன்று வீட்டைக் காலி செய்தது. கட்டில், பீரோ எல்லாம் உறவினர் வீட்டுக்குப் போயின. இந்த மெஷின் மட்டும் மிச்சம். "எங்க சொந்தக்காரங்க யாருக்கும் இது வேணாமாம். உங்களுக்கு உபயோகப்படும்னா எடுத்துட்டுப் போங்க" என்றார் அந்த வீட்டு அம்மா. டேனியலுக்கு உடனே சுகிர்தாவின் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. அவன் மெஷினைக் கயிறு போட்டுக் கட்டும்போது அந்த அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து சொன்னார்: "இதுக்குன்னு இருக்கிற பவுடர், இதுக்குன்னு இருக்கிற உப்பு, கடைசியா அலசுறப்போ சேர்ற ஒரு லிக்விடு. மூணும் வேணும். இல்லாம ஓட்டாதீங்க."

டேனியல் சரி என்றான். வழியெல்லாம் அந்த மூன்றையும் மறந்தே போனான். சுகிர்தாவின் முகம் எப்படி மலரும் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டு வந்தான்.

அவள் முகம் மலரவில்லை. மெஷினைச் சுற்றி வந்து பார்த்தாள். "கையில தண்ணி படாம நான் இன்னா பண்ணிக்கினு இருக்கறது?" என்று கேட்டாள்.

"ரெஸ்ட் எடு. இத்தினி வருசம் கழுவினது போதாதா?" என்று சிரித்தான் டேனியல்.

குழாய் இழுத்து, தண்ணீர் போக வழி செய்து, மறுநாளே மெஷினை ஓட்டினார்கள். பவுடருக்குப் பதிலாக வீட்டிலிருந்த பச்சை லிக்விடு சோப்பை டேனியல் தாராளமாக ஊற்றினான். பாத்திரத்துக்குத்தானே, இது போதும் என்று நினைத்தான். கொஞ்ச நேரத்தில் கதவின் அடியிலிருந்து நுரை வந்தது. அடுப்பு மேடைக்கு அடியில் பரவி, அரிசி டிரம்மைச் சுற்றி, கூடம்வரை போனது. டேனியல் ஸ்விட்சைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சுகிர்தா பழைய வேட்டியை எடுத்துத் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் நுரையை ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"நீ தொடாதே, நான் தொடைக்கிறேன்" என்றான்.

"நீங்க தொடைச்சி முடிக்கறதுக்குள்ள அரிசி நனைஞ்சிடும்" என்றாள் அவள்.

அடுத்த வாரம் காஞ்சிபுரத்துக்கு லோடு போனபோது டேனியல் அங்கே பெரிய கடை ஒன்றில் ஏறினான். பாத்திர மெஷினுக்கு என்று கேட்டதும் கடைப்பையன் ஒரு மாத்திரைப் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தான். "மூணும் இதுக்குள்ளயே இருக்கு சார், தனியா உப்பு வாணாம், ஒண்ணும் வாணாம்." டேனியலுக்கு அது நல்ல ஏற்பாடாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து ஒரு மாத்திரையைப் போட்டு ஓட்டினான். நுரை வரவில்லை. மெஷின் நின்றதும் கதவைத் திறந்தால் ஆவி முகத்தில் அடித்தது. ஆவி அடங்கிய பிறகு பார்த்தால் தட்டு, டம்ளர், கரண்டி எல்லாவற்றின் மேலும் மெல்லிசாகச் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளை படிந்திருந்தது.

சுகிர்தா ஒரு டம்ளரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேடையில் வைத்தாள். டேனியல் அவள் ஏதாவது சொல்வாள் என்று நின்றான். அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

தண்ணீர்தான் காரணமாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. உத்திரமேரூரில் கேன் தண்ணீர் பிளான்ட் வைத்திருக்கிற வேதாசலத்திடம் ஒரு பாட்டில் போர் தண்ணீர் கொண்டுபோனான். வேதாசலம் சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, ஒரு மருந்தைக் கலந்தார். தண்ணீர் சிவந்தது. இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட ஆரம்பித்தார். "இது நீலமா மாறணும். எவ்ளோ சீக்கிரம் மாறுதோ அவ்ளோ நல்ல தண்ணி" என்றார். சொட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் கேன் ஏற்றிக்கொண்டிருந்தவன்கூட வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான். ஒரு வழியாக நீலமானது.

"பேஜாரான தண்ணிப்பா. மாத்திரை இதுக்குத் தாங்காது. மெஷினுக்குள்ள தண்ணியோட சுண்ணாம்ப இழுத்து வெச்சிக்க ஒரு தொட்டி இருக்கும். அத்த அப்பப்ப உப்பு போட்டுக் கழுவினாத்தான் அது வேலை செய்யும். எங்க பிளான்ட்லயும் அதே கதைதான்."

டேனியல் மகள் ஜெனிஃபருக்குப் போன் செய்தான். அவள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தாள். "சமையல் உப்பைப் போட்டுடாதப்பா. கட்டியாகாம இருக்க அதுல வேற என்னமோ கலந்திருப்பாங்க, அது உள்ள அடைச்சிக்கும். கல் உப்பும் வாணாம், அதுல மண்ணு இருக்கும். மெஷினுக்குன்னே உப்பு கிடைக்குது, நான் ஆர்டர் போடறேன். அலசுற லிக்விடும் சேத்துப் போடறேன்" என்றாள்.

உப்பு வருவதற்குள் ஒரு நாள் டேனியல் மத்தியானமே வீடு திரும்பினான். வாசலில் ஆளில்லை. பின்பக்கம் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், மெஷினில் காலையில் கழுவிய பாத்திரங்களையெல்லாம் சுகிர்தா கல்லின் மேல் அடுக்கிவைத்துச் சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலடியில் வெடிப்பு பிளந்து நுரையில் சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டர் இன்னா சொன்னாங்க? நான் எதுக்கு அந்த மெஷின இஸ்துக்கினு வந்தேன்?" என்று டேனியல் கத்தினான்.

"வெள்ளையா கீதுங்க. இதுல எப்பிடி சோறு போடறது?"

"உப்பு வருது. அதுவரைக்கும் வெள்ளையிலயே தின்னா செத்தா போயிடுவோம்?"

அவள் குழாயை மூடினாள். ஈரக் கையைத் துடைக்காமலே உள்ளே போனாள்.

உப்பு வந்தது, நீல நிற லிக்விடும் வந்தது. மேடவாக்கத்து அம்மாவின் நம்பர் டேனியலிடம் இருந்தது. அவரையும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டான். கீழ்த்தட்டை வெளியே எடுத்து, மெஷினின் அடியில் இருக்கிற மூடியைத் திருகித் திறந்து, பால் கவரில் புனல் செய்து உப்பைக் கொட்டினான். கொஞ்சம் வெளியேயும் சிந்தியது. மூடியைத் திருகினான். தண்ணீர் எவ்வளவு கடினம் என்று மெஷினுக்குச் சொல்கிற எண்ணைக் கடைசிவரை ஏற்றி வைத்தான். அலசுகிற லிக்விடைக் கதவிலிருக்கிற பொந்தில் நிரப்பினான்.

இந்த முறை கதவைத் திறந்தபோது டம்ளர்கள் கடையில் வாங்கிவந்தவை போல் இருந்தன. டேனியல் ஒரு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய் இருசப்பனுக்குக் காட்டினான். "மூஞ்சி தெரியுதுபா" என்றான் இருசப்பன். சுகிர்தா வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பிரச்சினை தீர்ந்தது என்று டேனியல் நம்பினான்.

இரண்டு நாள் கழித்து அவன் வண்டியின் ஆர்சி புக்கை மறந்துவிட்டு, அதை எடுக்கப் பாதி வழியில் திரும்பி வந்தான். பின்பக்கம் அதே சத்தம். அதே கல், அதே சோப்பு. பளபளவென்றிருந்த அந்த டம்ளர்களையே சுகிர்தா தேய்த்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் கை நின்றது.

டேனியலுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. கழுவிக் கழுவி இவளுக்குப் புத்தியிலேயே ஏதாவது ஆகிவிட்டதோ என்று நினைத்தான். துவைக்கிற கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"இப்ப எதுக்கு சுகிர்தா? வெள்ளை போயிடிச்சே. நான்தான் பாத்தனே."

"பாத்தீங்க."

"அப்பறம்?"

அவள் இன்னும் தேய்க்காத டம்ளர் ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள். "ஓரத்த நாக்குல வெச்சிப் பாருங்க."

அவன் வைத்தான். கரித்தது. ஏரிக்கரையில் வேர்த்து நின்றால் உதட்டில் கரிக்குமே, அதுபோல.

"உப்பு" என்றான்.

"முதல் நாளே கரிச்சிது. மோருல தெரியல, வெறும் தண்ணி குடிச்சாத் தெரிஞ்சிது. நீங்க குடிக்கறதுக்கு முன்னாடி எடுத்தாந்து அலசிடுவேன். வெறும் தண்ணியில அலசிப் பாத்தேன், போன மாதிரி இல்ல. அதான் சோப்பு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

சுகிர்தா கையிலிருந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க கேக்கலியே. கடையில கேட்டீங்க. வேதாசலத்துக்கிட்ட தண்ணி கொண்டும்போயிக் கேட்டீங்க. ஜெனிஃபரைக் கேட்டீங்க. மேடவாக்கத்து அம்மாவுக்குப் போன் போட்டீங்க. இருசப்பங்கிட்டகூடத் தட்டக் காமிச்சி எப்பிடி கீதுன்னு கேட்டீங்க. நான் அடுப்பாண்டதான் நின்னுக்கினு இருந்தேன்."

டேனியல் கையிலிருந்த டம்ளரைக் கல்லின் மேல் வைத்தான்.

"மண்டபத்துல சுகுமாரு அண்டாவ சாய்ச்சிப் பாப்பாரு. நல்லா இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நல்லா இல்லன்னா அப்பதான் வாயத் தொறப்பாரு. சுத்தமா கீதாம்மான்னு என்னை ஒருத்தரும் கேட்டது கெடையாது. சுத்தமா இல்லன்னுதான் சொல்லியிருக்காங்க. இத்தினி வருசம் நான் ஒரு வேலை செஞ்சிக்கினு இருந்தேன், அதுல எனக்கும் ரவ தெரியும்னு உங்களுக்காவது தோணும்னு நெனச்சேன். அவ்ளோதான்."

அவள் குரல் உயரவில்லை, அழவும் இல்லை. அதனாலேயே டேனியலுக்கு அது உள்ளே போய் உட்கார்ந்தது. மெஷினைக் கொண்டுவந்த நாளில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். அதற்கும் அவன் சிரித்துவிட்டு ரெஸ்ட் எடு என்றிருக்கிறான். அவள் கைக்காகத்தான் எல்லாம் செய்தான். அந்தக் கைக்கு உள்ள அறிவைப் பற்றி ஒரு தரமும் அவன் நினைக்கவில்லை. வண்டி ரிப்பேரானால் மெக்கானிக்கைக் கேட்கிறான். காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் கேட்கிறான். பாத்திரத்தைப் பற்றி, பாத்திரத்தோடு வாழ்ந்தவளைக் கேட்க அவனுக்குத் தோன்றவேயில்லை.

ஆர்சி புக்கை எடுக்க வந்தவன் லோடுக்காரருக்குப் போன் செய்து, வர நேரமாகும் என்று சொன்னான். பிறகு சுகிர்தாவிடம் கேட்டான்.

"இப்ப கேக்கறேன். இது எதுனால கரிக்குது?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்க உப்ப எங்க கொட்டினீங்கன்னே நான் பாக்கல."

இரண்டு பேரும் சமையலறைக்குப் போனார்கள். டேனியல் கீழ்த்தட்டை வெளியே எடுத்தான். சுகிர்தா மெஷினுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து உள்ளே தலையை நீட்டிப் பார்த்தாள். "மூடியத் தொறங்க" என்றாள். திறந்தான். மூடியின் திருகு வரிகளில் உப்புப் பரல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவை நடுவில் நின்றதால் மூடி முழுவதும் இறுகவில்லை. ஒவ்வொரு தடவை ஓடும்போதும் உள்ளேயிருந்த உப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து பாத்திரத்தோடு கலந்திருக்கிறது.

"ஊறுகா பாட்டில் மாதிரிதான். வாயில உப்பு இருந்தா மூடி நிக்காது" என்றாள். பழைய பல் பிரஷ் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். அவன் துடைக்க, அவள் விரலை உள்ளே விடாமல் குச்சியால் சுட்டிக் காட்டினாள். அந்தப் பக்கம், இன்னும் கீழ, அங்கதான். மூடியை இறுக்கினார்கள். பாத்திரம் இல்லாமல் ஒரு தடவை ஓட்டினார்கள். அடுத்த தடவை பாத்திரத்தோடு. டேனியல் முதல் டம்ளரை எடுத்து அவளிடம் கொடுத்தான். சுகிர்தா அதை உதட்டில் வைத்தாள். பிறகு முழங்கையின் உள்பக்கத் தோலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"அது இன்னாத்துக்கு?"

"விரலுல ஒண்ணும் தெரியறதில்ல. மரத்துப் போச்சி. இங்க தெரியும்." கொஞ்சம் யோசித்தாள். "உப்பு போயிடிச்சி. ஆனா வழவழன்னு கீது. அந்த நீலத் தண்ணி அதிகம்."

நீல லிக்விடு வைக்கிற பொந்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருந்தது. அதை டேனியல் முழுதாகத் திருப்பி வைத்திருந்தான். அதிகம் வைத்தால் அதிகம் பளபளக்கும் என்பது அவன் கணக்கு. அடியோடு குறைத்தார்கள். மறுநாள் டம்ளரில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் காய்ந்த தடம் இருந்தது. கொஞ்சம் கூட்டினார்கள். இன்னும் கொஞ்சம். ஒரு நாள் டம்ளரில் தடமும் இல்லை, வழவழப்பும் இல்லை. "இதுல நிறுத்துங்க" என்றாள். டேனியல் நெயில் பாலிஷால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தான்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. ஒரு நாள் டேனியல் அவசரத்தில் அலுமினியக் குண்டானை உள்ளே வைத்துவிட, அது சிலேட்டுப் போலக் கறுத்து வந்தது. ஏரி மீன் வாங்கிக் குழம்பு வைத்த நாளில் மாத்திரை போதவில்லை. சட்டியின் கழுத்தில் எண்ணெய் நின்றது. கஞ்சி குடித்த நாளில் அதே மாத்திரை அதிகமாகி, டம்ளர் தண்ணீரில் எலுமிச்சை சென்ட் வாசனை அடித்தது. "இன்னிக்கு இன்னா தின்னோம்னு மாத்திரைக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் சுகிர்தா. "பவுடர் வாங்கணும். வேணுங்கறத நம்பளே போடலாம்."

"வாங்கியாரேன்."

"நானும் வரேன்."

சனிக்கிழமை குட்டியானையில் இரண்டு பேரும் காஞ்சிபுரம் போனார்கள். அதே பெரிய கடை. அன்று கடைப்பையனுக்குப் பதில் ஒரு பெண் நின்றிருந்தாள். சுகிர்தா அலமாரியின் முன் நின்று ஒவ்வொரு பாக்கெட்டாகப் பார்த்தாள். கை முழுவதும் மருந்து தடவியிருந்ததால் டேனியலை எடுத்துக் காட்டச் சொன்னாள். கடைப்பெண் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அருகில் வந்தாள்.

"அக்கா, உங்க மேடம் எது யூஸ் பண்றாங்கன்னு போன்ல கேட்டுட்டு எடுங்களேன். தப்பா எடுத்துட்டுப் போனா திரும்ப எடுத்துக்க மாட்டோம்."

டேனியலுக்கு முகம் சூடானது. அவன் பேசுவதற்குள் சுகிர்தா திரும்பினாள்.

"மேடம் இல்லம்மா. எங்க வூட்டு மெஷினுக்குத்தான்" என்றாள், ஊரில் பஸ் எப்போது வரும் என்று சொல்கிற குரலில். "வாசனை போடாத பவுடர் எது? எங்குளுது ஹார்டு வாட்டர். அதுக்கு எது நல்லாப் போவுதுன்னு யாராவது சொன்னாங்களா?"

அந்தப் பெண் சாரி அக்கா என்றாள். பிறகு கீழ் அலமாரியில் குனிந்து, தூசு படிந்த ஒரு டப்பாவை எடுத்தாள். வாசனை இல்லாததால் அதிகம் போகாதாம். சுகிர்தா மூடியைத் திறக்கச் சொல்லி முகர்ந்தாள். டப்பாவின் ஓரத்தில் ஒட்டியிருந்த தூளை உற்றுப் பார்த்தாள். மண்டபத்துத் தூள் போல் மூக்கில் ஏறவில்லை. "சின்னதா ஒண்ணு குடு. ஒத்துக்கினா அப்பால பெருசு வாங்கிக்கறேன்." உப்பும் ஒரு பை எடுத்தார்கள். நீல லிக்விடு இன்னும் பாதிக்கு மேல் இருந்ததால் அதை எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது நாஷ்டா சாப்பிட ஓரிடத்தில் நிறுத்தினார்கள். "அந்தப் பொண்ணு கேட்டதுக்கு உனுக்குக் கோவம் வரலியா?" என்று டேனியல் கேட்டான்.

"வந்துச்சி. ஆனா அதுங்கூட சண்டை போட்டுக்கினு இருந்தா பவுடர் எது நல்லதுன்னு எப்பிடித் தெரிஞ்சிக்கறது?" என்றாள் சுகிர்தா. தோசையைப் பிய்க்கக் கை வலித்ததால் ஸ்பூன் கேட்டு வாங்கினாள்.

பவுடர் ஒத்துக்கொண்டது. மீன் நாளில் கரண்டி நிறைய, குழம்பு நாளில் பாதி, கஞ்சி நாளில் இன்னும் குறைவு. அளவு சொல்வது சுகிர்தா. போடுவது டேனியல். அவன் வெளியூர் லோடில் இருந்தால் அவளே நீளக் கைப்பிடிக் கரண்டியால் போட்டுக் கதவைச் சாத்துவாள். மெஷின் ஓடும்போது அவள் கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். முதலில் அந்த நேரம் அவளுக்குப் பிடிபடவே இல்லை. எழுந்து எழுந்து போய் மெஷினைப் பார்ப்பாள். சாப்பிட்ட உடனே படுக்கிறவர்கள் எப்படித்தான் படுக்கிறார்கள் என்று ஒரு நாள் டேனியலிடம் கேட்டாள். மண்டபத்தில் அவள் சாப்பிட உட்காரும்போது எப்போதும் பந்தல் பிரித்திருப்பார்கள்.

ஆவணி பிறக்கும் நேரத்தில் சுகுமார் போன் செய்தார். வரிசையாக முகூர்த்தம், ஆள் போதவில்லை. சுகிர்தா போனை ஸ்பீக்கரில் போட்டு மேடையில் வைத்துவிட்டுப் பேசினாள்.

"கழுவ வர முடியாதுங்க. டாக்டர் வாணாம்னுட்டாங்க. நீங்க கழுவ வேற பொண்ணுங்கள வெச்சிக்கோங்க. எது சரியா கீது, எத்த திருப்பிக் கழுவணும்னு நான் நின்னு பாத்துச் சொல்றேன். நல்ல சோப்பு எதுன்னும் சொல்றேன், அந்தப் பொண்ணுங்க கையாவது தப்பிக்கும்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "பாக்கறதுக்கு நான் கீறேனேம்மா. கழுவத்தான் ஆள் வேணும். ஒடம்பு சரியானா சொல்லு" என்றார் சுகுமார்.

போன் அணைந்த பிறகும் சுகிர்தா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். டேனியல் சமாதானம் சொல்ல நினைத்தான். "அவரு ஒத்துக்குவாருன்னு நெனச்சியா?" என்று மட்டும் கேட்டான்.

"இல்ல. ஆனா கேக்கணும்னு இருந்துச்சி. கேட்டுட்டேன்." முந்தானையால் மேடையைத் துடைத்தாள். "அடுத்த தபாவும் கேப்பேன்."

மழை ஆரம்பிக்கிற சமயத்தில் அவள் கையில் வெடிப்புகள் மூட ஆரம்பித்தன. தோல் இன்னும் இழுத்துப் பிடித்தது. மடக்கினால் வலித்தது. ஆனால் ரத்தம் வருவது நின்றது. டாக்டர் அம்மா இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்படியே இருங்க என்றார்.

மெஷினில் போடக்கூடாதவை என்று சில பாத்திரங்கள் இருந்தன. இரும்புத் தோசைக்கல், கறுத்துப்போன அலுமினியக் குண்டான், மரக் கரண்டிகள். அவை டேனியல் பங்குக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்பக்கக் கல்லில் உட்கார்ந்து தேய்ப்பான். முதல் தடவை இடுப்பு பிடித்துக்கொண்டது. இவ்வளவு தேய்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

சுகிர்தா பின்வாசல் படியில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதுமா?" என்று குண்டானைச் சாய்த்துக் காட்டினான்.

"வாய் வளையத்துக்குக் கீழ தேய்ச்சீங்களா?"

அவன் திருப்பிப் பார்த்தான். வளையத்துக்குக் கீழே மஞ்சளாக ஒரு கோடு நின்றது.

"இல்ல" என்றான்.

"ரவ புளி போட்டுத் தேய்ங்க, வந்துடும். அழுத்தாதீங்க, மெதுவா."

டேனியல் எழுந்து உள்ளே போய்ப் புளி எடுத்துவந்தான். மறுபடி உட்கார்ந்து, மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தான்.